பார்க்கச் சொல்லாத பெட்டி

"சார், இங்க பாருங்க. எந்த ஸ்டேஷன்னு டிஸ்பிளேல பளிச்சுன்னு வரும்" என்றான் கடைப் பையன். சென்னை ரிச்சி தெருவில், மின்சாதனக் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு சந்து. அப்பா அந்தப் புது ரேடியோவை இரண்டு கைகளாலும் வாங்கினார். ஓரத்தைத் தடவினார், முகப்பைத் தடவினார், பின்பக்கத்தையும் தடவினார். எல்லாப் பக்கமும் ஒரே வழுவழுப்பு. மேலே ஐந்து பொத்தான்கள் ஒரே அளவில், ஒரே வடிவத்தில், ஒரே வரிசையில் இருந்தன.

"தம்பி, எனக்குக் கண்ணு தெரியாது. கைக்குத் தெரியற மாதிரி ஒண்ணு இருந்தா குடுங்க" என்றார் அப்பா.

பையன் நல்லவன். மாடிக்கு ஓடி ஏழெட்டு ரேடியோக்களைக் கொண்டுவந்து பரப்பினான். ஒன்றில் 'மோட்' என்று ஒரு பொத்தான். முதல் அழுத்தலில் எஃப்.எம்., அடுத்ததில் புளூடூத், அதற்கடுத்ததில் பென் டிரைவ், பிறகு மெமரி கார்டு, மறுபடி எஃப்.எம். இப்போது எதில் நிற்கிறது என்பதைச் சின்னத் திரை மட்டுமே சொல்லும். இன்னொன்றில் ஒலிக் குமிழ் முடிவில்லாமல் சுற்றியது. எவ்வளவு கூட்டினோம், எவ்வளவு குறைத்தோம் என்று கைக்குச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. அன்று வெறுங்கையோடுதான் வீடு திரும்பினோம்.

சர்க்கரை நோயால் அப்பாவின் விழித்திரை கெட்டுப்போனது. அதற்குப் பிறகும் அவருடைய பழைய டிரான்சிஸ்டர் அவர் கைக்கு அடங்கியே இருந்தது. வலது குமிழைத் திருகினால் 'டிக்'கென்று உயிர் வரும். அதே குமிழ் மேலே போகப் போகச் சத்தம் கூடும். அலைவரிசைக் குமிழை இடது கோடிவரை திருகி, அங்கிருந்து கணக்காகத் திரும்பி வந்தால் சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ். இரைச்சலுக்கு நடுவிலிருந்து குரல் மெல்லத் திரண்டு வருவதே அவருக்குத் திசைகாட்டி. பார்வையற்றவருக்காக என்று யாரும் அந்தப் பெட்டியைச் செய்யவில்லை. ஆனாலும் அது அவரை ஒருபோதும் பார்க்கச் சொன்னதில்லை. டிரான்சிஸ்டர் பழுதாகி, உதிரி கிடைக்காமல் நின்றபோதுதான் அதன் அருமை எங்களுக்குப் புரிந்தது.

'கைக்குத் தெரியற மாதிரி ஒண்ணு' என்று அப்பா கேட்டாரே, அந்தப் பொருளைத் தேடப் புறப்பட்டபோது அதற்கு ஒரு நெடிய வரலாறு இருப்பது தெரியவந்தது.

*

தாமஸ் எடிசன் 1877இல் ஃபோனோகிராஃபைச் செய்தார். அடுத்த ஆண்டு, அந்தக் கருவி எதற்கெல்லாம் பயன்படும் என்று ஒரு பட்டியல் எழுதி வெளியிட்டார். பார்வையற்றவர்களுக்குத் தானே படித்துக்காட்டும் புத்தகம் அதில் இரண்டாவது இடத்தில் இருந்தது. பாட்டும் இசையும் அதற்குப் பின்னால்தான் வந்தன. ஆனால் உலகம் பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டது, புத்தகம் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது.

இதற்கிடையில் வானொலி பிறந்தது. 1920களின் கிரிஸ்டல் ரேடியோவில் ஒரு கனிமத் துண்டின் மேல் மெல்லிய கம்பி முனையை நகர்த்தி, ஒலி பிறக்கும் புள்ளியைத் தேட வேண்டும். விரலும் காதும் சேர்ந்து செய்யும் வேலை அது. கண்ணுக்கு அங்கே பெரிய பங்கில்லை. முதல் உலகப் போரில் பார்வையிழந்து திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு அந்தப் பெட்டி பெரிய துணையாக இருந்தது. அவர்களில் ஒருவர் இயன் ஃப்ரேசர். 1916இல் சோம் போர்முனையில் குண்டடிபட்டுப் பார்வை போனபோது அவருக்கு 18 வயது. பிறகு நாடாளுமன்ற உறுப்பினரானார். பிரிட்டனில் ரேடியோ வைத்திருக்க ஆண்டுக்கு 10 ஷில்லிங் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்த காலம் அது. பார்வையற்றவர்களுக்கு அந்தக் கட்டணத்தை நீக்கும் சட்டம் 1926இல் அவருடைய முயற்சியால் நிறைவேறியது.

கட்டணம் போனாலும் பெட்டி வாங்கக் காசு வேண்டுமே. பார்வையற்றோருக்கு ரேடியோ வாங்கித்தர பிரிட்டனில் ஒரு நிதியம் தொடங்கப்பட்டது. 1929 கிறிஸ்துமஸ் அன்று அதற்காக வானொலியில் நன்கொடை கேட்டுப் பேசியவர் வின்ஸ்டன் சர்ச்சில். அந்த நிதியம் இன்றும் இயங்குகிறது. பார்வையற்றவர் கையில் இருக்க வேண்டிய ரேடியோ எப்படி இருக்க வேண்டும் என்று ஓர் அமைப்பு தொடர்ந்து யோசித்து வந்ததன் பலன், பிற்காலத்தில் வந்த பெரிய பொத்தான்களிலும் பேசும் பட்டியல்களிலும் தெரிகிறது.

*

புத்தகத்தின் முறை அமெரிக்காவில் வந்தது. பார்வையற்ற பெரியவர்களுக்குப் புத்தகம் தர ஆண்டுக்கு 1,00,000 டாலர் ஒதுக்கும் சட்டம் 1931 மார்ச்சில் கையெழுத்தானது. பிரெயில் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு என்பது அந்தச் சட்டத்துக்காக உழைத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். நடுவயதில் பார்வை இழந்தவர் பிரெயில் கற்பது எளிதல்ல. சர்க்கரை நோயில் பார்வை போனவர்களுக்கு இன்னொரு சங்கடம்: பலருக்கு விரல் நுனியும் மரத்துப்போகிறது. நுண்ணிய புள்ளிகளை அந்த விரல் படிக்காது. அவர்களுக்குக் காது ஒன்றே வழி.

அன்றைய இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுற்றியது. ஒரு பக்கம் நான்கைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு நாவலைக் கேட்க நூறு முறைக்கு மேல் எழுந்து தட்டைத் திருப்பிப்போட வேண்டும். பார்வையற்றோருக்கான அமெரிக்க அறக்கட்டளையின் தலைமையில் இருந்த ராபர்ட் இர்வின் சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். வேகத்தை 33⅓ சுற்றுக்குக் குறைத்து, பள்ளங்களை நெருக்கி, ஒரு பக்கத்தில் சுமார் 15 நிமிடம் பேச வைத்தார்கள் அவருடைய குழுவினர். உடையாத வகைத் தட்டில் வந்த இந்த 'பேசும் புத்தகம்' 1934இல் வாசகர்களிடம் போய்ச் சேர்ந்தது. பொதுமக்களுக்கான எல்.பி. இசைத்தட்டு கடைகளில் வெற்றி பெற்றது 1948இல். நாம் கொண்டாடிய நெடுந்தட்டை, 14 ஆண்டுகளுக்கு முன்பே பார்வையற்ற வாசகர்கள் வீட்டில் சுழலவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெட்டியைச் செய்தவர்கள், மின்சாரம் வராத வீடுகளையும் நினைத்தார்கள். அவர்களுக்காகச் சாவி கொடுத்துச் சுழலும் வகை ஒன்றும் இருந்தது. ஹெலன் கெல்லருக்கு இந்தக் கருவி மீது முதலில் மனம் ஒப்பவில்லை. பொருளாதாரச் சரிவில் பார்வையற்றவர்கள் சாப்பாட்டுக்கே தவிக்கும்போது இது ஆடம்பரம் என்று கருதினார். பிறகு மனம் மாறி, 1935இல் அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் அவரே உதவி கேட்டார். வேலையில்லாதோருக்கு வேலை தரும் அரசுத் திட்டத்திலேயே பேசும் புத்தகக் கருவிகளைச் செய்ய ஏற்பாடாயிற்று. 1942வரை சுமார் 23,000 கருவிகள் அப்படி உருவாயின. ஒருவருக்குக் கூலியாகவும் இன்னொருவருக்குப் புத்தகமாகவும் ஒரே பெட்டி பயன்பட்டது.

பிரிட்டனில் பேசும் புத்தகம் தொடங்கியது 1935 நவம்பரில். அங்கே தட்டு நிமிடத்துக்கு 24 சுற்று சுற்றியது, பக்கத்துக்கு 25 நிமிடம் படித்தது. அகதா கிறிஸ்டியின் புத்தகமும் ஜோசப் கான்ராடின் புத்தகமும் முதலில் பேசியவற்றுள் அடக்கம். இந்தப் பெட்டிகளும் தட்டுகளும் தபாலில் வந்து தபாலில் திரும்பின. பார்வையற்றோருக்கான இலக்கியத்துக்குத் தபால் கட்டணம் வாங்காத நல்ல வழக்கம் பல நாடுகளில் உண்டு. நம் நாட்டுத் தபால் துறையும் அப்படிப்பட்ட பொதிகளை 7 கிலோவரை இலவசமாகவே கொண்டுசேர்க்கிறது.

*

அடுத்து வந்தது கேசட். அமெரிக்க நூலகத்துக்காரர்கள் நாடாவின் வேகத்தைப் பாதியாக்கி, இரண்டு பக்கத்தை நான்கு தடங்களாக்கினார்கள். ஒன்றரை மணி நேரக் கேசட் ஆறு மணி நேரம் படித்தது. நாடாவை முன்னோக்கி ஓட்டும்போது அத்தியாயம் மாறும் இடத்தில் 'பீப்' என்று ஒலி கேட்கும்படியும் பதிந்துவைத்தார்கள். நம் ஊர்களிலும் கேசட்தான் பேசும் புத்தகத்தைப் பரவலாக்கியது. கல்லூரி மாணவர்களுக்காகத் தன்னார்வலர்கள் வீட்டில் உட்கார்ந்து, விசிறியை நிறுத்திவிட்டு, பாடப் புத்தகங்களைப் படித்துப் பதிந்து தந்தார்கள். தேர்வுக்கு முதல் நாள் இரவில் அந்தக் குரல்களோடு விழித்திருந்தவர்கள் பலர் இன்று ஆசிரியர்களாகவும் வங்கி அலுவலர்களாகவும் இருக்கிறார்கள்.

ஆனால் கேசட்டில் ஒரு பெரிய குறை. 142ஆம் பக்கத்துக்குப் போ என்று அதனிடம் சொல்ல முடியாது. ஓட்டிப் பார்த்து, நிறுத்தி, கேட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். கதை கேட்பவருக்கு அது பொறுத்துக்கொள்ளக்கூடியது, படித்துத் தேர்வு எழுதுபவருக்குக் கொடுமை. புத்தகம் என்றால் திறந்த இடத்தில் திறக்க வேண்டாமா?

இதற்கு விடை ஸ்வீடனில் பிறந்தது. அங்கே பேசும் புத்தகங்களுக்கும் பிரெயிலுக்குமான அரசு நூலகம், பல்கலைக்கழக மாணவர்களை மனத்தில் வைத்து எண்ம வடிவப் பேசும் புத்தகத்தைத் திட்டமிட்டது. 1996இல் பல நாட்டு நூலகங்கள் சேர்ந்து 'டெய்சி' என்ற கூட்டமைப்பை ஏற்படுத்தின. டெய்சி புத்தகத்தில் ஒலிக்கோப்போடு ஓர் அட்டவணையும் சேர்ந்தே இருக்கும். எந்தத் தலைப்பு, எந்தப் பக்கம், எந்த வாக்கியம், ஒலியில் எத்தனையாவது நொடியில் தொடங்குகிறது என்று அது குறித்துவைத்திருக்கும். ஒரு குறுவட்டில் 40 மணி நேரத்துக்கு மேல் அடங்கியது. அதைவிடப் பெரிய லாபம், பார்வையற்ற வாசகர் முதன்முறையாகப் பக்கம் புரட்டினார்.

ஜப்பானிலும் கனடாவிலும் இதற்கான கருவிகளைச் செய்தார்கள். குறுவட்டுக்குப் பிறகு மெமரி கார்டு வந்ததும் பெட்டி சட்டைப்பைக்குள் புகுந்தது. கனடாவில் உருவான விக்டர் ரீடர் ஸ்ட்ரீம் 2007இல் வெளிவந்தது. அதன் முகப்பு பழைய கைபேசியின் எண் பலகை போலவே இருந்தது. நடுவில் உள்ள 5இன் மேல் ஒரு சிறு மேடு. விரல் அங்கே போய் நின்றால் மற்ற எண்கள் தாமே இடம் பிடித்துக்கொள்ளும். 2, 8 இரண்டும் தாவலின் அளவை மாற்றும்: அத்தியாயமா, பக்கமா, வாக்கியமா. 4 அழுத்தினால் பின்னால், 6 அழுத்தினால் முன்னால். 0வை அழுத்திப் பிடித்தால், பிறகு எந்தப் பொத்தானைத் தொட்டாலும் அது என்ன வேலை செய்யும் என்று கருவியே சொல்லித்தரும். ஒரு கையேடு பார்க்காமல், பக்கத்தில் ஆள் இல்லாமல், முதல் நாளே கற்றுக்கொள்ளலாம்.

அந்த நடு 5 என்ன செய்கிறது தெரியுமா? 'நான் எங்கே இருக்கிறேன்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது. தொட்டவுடன் விரலுக்குத் தெரியும் ஒரே பொத்தானை அந்தக் கேள்விக்கு ஒதுக்கியவர்களை மனதார வணங்குகிறேன். பார்வையற்றவருக்கான கருவி என்றால் என்ன என்று அவர்களுக்கு முழுதாகத் தெரிந்திருந்தது.

*

அதே 2007இல்தான் தொடுதிரைக் கைபேசிகளின் காலம் தொடங்கியது. பொத்தான்கள் மறைந்து, உலகமே கண்ணாடிப் பலகையாயிற்று. 2009இல் ஐஃபோனிலும் ஆண்ட்ராய்டிலும் திரைவாசிப்பான்கள் வந்து அந்தக் கண்ணாடிக்கும் வாய் கொடுத்தன. இன்று இளைஞர்கள் அதிலேயே வானொலியும் புத்தகமும் செய்தியும் கேட்கிறார்கள். அது பெரிய விடுதலை. ஆனால் எழுபதை நெருங்கும் வயதில், மரத்த விரலோடு, இரண்டு முறை தட்டு, மூன்று விரலால் தள்ளு என்பது எல்லோருக்கும் வசப்படாது. படித்துக்கொண்டிருக்கும்போது விளம்பர அழைப்பு குறுக்கிட்டால், புத்தகம் எங்கே போயிற்று என்று தேடுவதற்குள் கதை மறந்துவிடும். அதனால்தான் தனிப் பெட்டிக்கு இன்னும் இடமிருக்கிறது.

பெட்டி மட்டும் இருந்து பயனில்லை, உள்ளே தமிழ் வேண்டும். 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், படிக்க இயலாதோருக்காகப் புத்தகத்தை ஏற்ற வடிவுக்கு மாற்றிக்கொள்ள வழிவிட்டது. 2013இல் மராக்கேஷ் நகரில் இதற்கென உலக ஒப்பந்தம் ஏற்பட்டபோது அதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. 2016 ஆகஸ்டில் 'சுகம்யா புஸ்தகாலயா' என்ற இணைய நூலகம் திறந்தது. பார்வையற்றோர் பதிவு செய்துகொண்டு அதிலிருந்து புத்தகங்களை இறக்கிக்கொள்ளலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தட்டச்சிட்டுச் சேர்த்த தமிழ் நூல்களையும் செயற்கைக் குரல் படிக்கும்.

செயற்கைக் குரலுக்குத் தமிழ் ஒரு சோதனை வைக்கிறது. நம் எழுத்தில் ஒரே 'ப' இரண்டு ஒலிக்கு நிற்கிறது. 'பாதை'யின் முதல் ஒலி வேறு, 'பாரதி'யின் முதல் ஒலி வேறு. நமக்கு இது பழக்கத்தில் வருகிறது, இயந்திரத்துக்குச் சொல்லித்தர வேண்டும். கருவி வாங்கும் முன் அதன் தமிழ்க் குரலை ஒரு முழுப் பக்கம் படிக்கவிட்டுக் கேளுங்கள். காது கூசினால் எத்தனை வசதி இருந்தும் அந்தக் கருவி அலமாரியில்தான் தூங்கும்.

*

தேர்வு செய்யும்போது செய்ய வேண்டியது ஒன்றுண்டு. கருவியைக் கேட்பவர் கையில் கொடுத்துவிட்டு, உடன் போனவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ரிச்சி தெருவில் நான் செய்யத் தவறியது அதைத்தான். அப்பாவின் விரலுக்கு முன்னால் என் வாய் ஓடியது.

அந்தக் கை தானாகப் பெட்டியை உயிர்ப்பிக்கிறதா என்று கவனியுங்கள். உயிர் வந்ததற்கு ஓர் ஒலியோ குரலோ அடையாளமாக வருகிறதா? ஒரு பொத்தான் எப்போதும் ஒரே வேலையைச் செய்கிறதா, அல்லது நேரத்துக்கு ஒன்றா? வழி தவறினால் தொடங்கிய இடத்துக்குத் திரும்ப ஒரே அழுத்தல் போதுமா? அணைத்துப் போட்டால் விட்ட இடத்தை நினைவில் வைத்திருக்கிறதா? பேட்டரி குறைந்தால் சொல்கிறதா? சார்ஜர் முனை எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழையும் டைப்-சி வகையா? பழைய முனையைத் தலைகீழாகக் குத்திக் குத்திக் கெட்டுப்போன கருவிகள் ஏராளம். தூங்கிவிட்டால் தானே நிற்கும் வசதி உண்டா? குரல் கீச்சிடாமல் வேகத்தை மட்டும் கூட்ட முடிகிறதா? பத்துப் பதினைந்து நிமிடத்தில் இவை எல்லாம் தெரிந்துவிடும். விலை அதற்குப் பிறகு பேச வேண்டியது. வெளிநாட்டுக் கருவிகள் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடியவை. மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்தில் மாணவர்களுக்கு டெய்சி கருவிகள் கொடுத்துவருகிறார்கள். கேட்டுப் பெறுவது அவர்கள் உரிமை.

நாங்கள் கடைசியில் இரண்டு பெட்டிகளாகப் பிரித்துக்கொண்டோம். செய்திக்கும் பாட்டுக்கும் குமிழ் வைத்த எளிய ரேடியோ ஒன்று. முதலில் அதன் பொத்தானில் ஓர் அரிசியைப் பசை போட்டு ஒட்டினேன். அப்பாவின் விரலுக்கு அது எட்டவில்லை. அதைப் பெயர்த்துவிட்டு எம்-சீல் வைத்து ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டினேன். "ம், இப்ப இருக்கு" என்றார். புத்தகத்துக்கு எண் பலகை வைத்த டெய்சி கருவி. அதைப் பழகிக்கொள்ள அவருக்கு மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் 0வை அழுத்திப் பிடித்துவிட்டு ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

நேற்றிரவு பக்கத்து அறையில் நாவல் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் அப்பாவின் குறட்டை கேட்டது. சற்று நேரத்தில் கருவி தானே அடங்கியது. பின்னிரவில் விழித்திருப்பார் போல. இருட்டில் ஒரு பொத்தான் அழுந்தும் சத்தம். கருவி அத்தியாயத்தையும் பக்கத்தையும் சொன்னது. "அவ்வளவு தூரம் போயிட்டியா" என்று அதனிடம் சொல்லிவிட்டு, 4ஐ அழுத்தி அழுத்திப் பின்னால் வந்தார். தான் தூங்கிப்போன வாக்கியம் வந்ததும் விரலை எடுத்தார். கதை அங்கிருந்து தொடர்ந்தது.